4கே, 4எல்

தமிழ் மின்னஞ்சல் ஒன்றின் மூல வடிவத்தைத் திறந்து பார்த்தால், பெரும்பாலும் அதில் தமிழே இருக்காது. ஆங்கில எழுத்தும் எண்ணும் விரவிய வரிகள், வரிக்கு 76 குறிகளைத் தாண்டாமல் அடுக்கியிருக்கும். பேஸ்64 என்னும் குறியாக்கம் அது. அந்த வரிகளில் ‘4கே’ என்ற இணை மீண்டும் மீண்டும் தலைகாட்டுவதைக் கவனித்த நாள் முதல் எனக்கு அவற்றின்மீது தனிப் பிரியம்.

யூடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறிக்கு மூன்று பைட், அதாவது 24 பிட். அவற்றை ஆறாறாகப் பிரித்தால் நான்கு துண்டு, துண்டுக்கு ஒரு குறி. நம் அகரம் ‘4கே6எஃப்’ ஆகிறது. மலையாள அகரமோ ‘4எல்எஸ்எஃப்’. தலையும் வாலும் ஒன்றேதான். கே என்ற எழுத்துக்கு அடுத்தது எல். இந்திய மொழிகளில் ஒரே ஒலிக்கு ஒரே இடம் என்று ‘இஸ்கி’ தரத்தை வகுத்தவர்களின் 1988-ஆம் ஆண்டு வரிசையை யூனிகோட் பின்பற்றியது. அதனால்தான் இரண்டு அகரங்களின் வாலும் ஒத்திருக்கின்றன. திருவனந்தபுரத்தின் சாலைக் கடைத்தெருவில் ஒரே மூச்சில் இரண்டு மொழியும் பேசிப் பழகிய எனக்கு, கணினியின் அடிவயிற்றிலும் அவை பக்கத்து வீட்டுக்காரர்களாக இருப்பது பெருமகிழ்ச்சி.

இதே நகரில், கிழக்கேகோட்டைப் பகுதியில், 2022-இல் ஓலைச்சுவடி அருங்காட்சியகம் திறந்தார்கள். பத்மநாபசுவாமி கோயிலைச் சார்ந்த மதிலகம் ஆவணங்கள் அங்கே சுருணை சுருணையாக இருக்கின்றன. வட்டெழுத்து, கோலெழுத்து, மலையாண்மை என்று பல எழுத்துமுறைகள். ஓலை கெடவில்லை, கீறலும் தெளிவு. ஆனாலும் கண்ணுக்குத் தெரிவது வாய்க்கு வரவில்லை. எந்த எழுத்து, எப்படிப் படிப்பது என்று அறிந்தவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

மின்னஞ்சலுக்கும் அந்தக் கதிதான் இருந்தது. 1982-இல் வகுத்த விதிகள் ஆங்கிலத்துக்கான 128 குறிகளை மட்டுமே அறிந்தவை. எட்டாவது பிட்டை வழியிலுள்ள கணினி வெட்டிவிடக்கூடும். 1992-இல் நதானியேல் போரன்ஸ்டைனும் நெட் ஃப்ரீடும் ‘மைம்’ என்ற முறையை எழுதினார்கள். உடலை எப்படிக் குறியாக்கியிருக்கிறது, எழுத்துத் தொகுதி எது என்பதைக் கடிதமே தன் தலையில் சுமந்து செல்லும்.

எனினும் அக்காலத் தமிழ் எழுத்துருக்கள் ஒவ்வொன்றும் தனித்தனி அமைப்பு. ஒன்றில் ‘க’ இருந்த இடத்தில் இன்னொன்றில் வேறு எழுத்து இருக்கும். தொண்ணூறுகளின் இறுதியில் அத்தான் சிங்கப்பூரிலிருந்து அக்காவுக்கு எழுதுவார். முதல் வரியில் எழுத்துருவின் பெயரை ஆங்கிலத்தில் தருவார். அதற்குக் கீழே சம்பளம், மழை, கடைசித் தங்கையின் கல்யாணக் கணக்கு, அம்மாவின் கால்வலிக்கு என்ன தைலம் என்ற கேள்வி. அத்தான் போன பிறகு, “அதையெல்லாம் ஒருதரம் படிச்சுக் காட்டுடா தம்பி” என்றாள் அக்கா. முதல் வரி இருந்த கடிதங்களை உடனே யூனிகோடுக்கு மாற்றிவிட்டேன். அவள் தைலத்தின் பெயரை எனக்கு முன்னே சொன்னாள். அவசரத்தில் அந்த வரியை அவர் எழுதாமல் விட்ட கடிதங்களுக்கு, நினைவிலிருந்த எழுத்துருக்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தோம். சில திறந்தன. சில இன்னும் ஐரோப்பிய எழுத்துக்களின் குவியலாகவே கிடக்கின்றன. ஒரு பைட்டும் தொலையவில்லை, பெயர் மட்டும்தான் தொலைந்தது.

எழுதியவரோடு முடிந்துவிடக் கூடாதது கடிதம். உங்கள் பழைய பெட்டிகளில் அந்நாளைய தமிழ் மின்னஞ்சல்கள் இருக்கும். எந்த எழுத்துருவில் எழுதினோம் என்பது நினைவில் இருக்கும்போதே அவற்றை யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். மாற்ற நேரமில்லையென்றால் எழுத்துருவின் பெயரையாவது பக்கத்தில் குறித்து வையுங்கள்.