கம்பளி இல்லாத ஆடுகள்

சென்னையிலிருந்து வடக்கே போய், தடாவில் இடதுபுறம் திரும்பினால் வரதய்யபாளையம். உப்பலமடுகு அருவிக்குப் போகும் சென்னை இளைஞர்கள் தண்ணீர் பாட்டில் வாங்க வண்டியை நிறுத்தும் ஊர். 2022இல் சித்தூரிலிருந்து பிரிந்த திருப்பதி மாவட்டத்தில் சேர்ந்துவிட்டது. ஸ்ரீசிட்டித் தொழிற்பேட்டை பக்கத்திலேயே வந்த பிறகும், சாலையை மறிக்கும் உரிமை இங்கே இன்னும் செம்மறி மந்தைக்குத்தான்.

இத்தனை ஆடுகள் இருக்கும் ஊரில் கம்பளி நூற்பவர் இல்லையா என்று தேடினால் ஏமாற்றமே. நெல்லூர் இனத்து ஆட்டின் உடம்பில் இருப்பது குட்டை முடி, நூற்க உதவாது. வெள்ளை என்றால் 'பல்லா', கண்ணோரமும் வாயோரமும் கறுப்பு என்றால் 'ஜோடிப்பி', செம்பழுப்பு என்றால் 'தோரா'. நெடுநெடுவென வளரும் இந்த இனம் கடலோரப் புழுக்கத்துக்கு ஏற்றது. வளர்ப்பதெல்லாம் கறிக்காக.

கம்பளிக்கு மேற்கே அனந்தபூர் பக்கம் ஏற வேண்டும். அங்கே குருபர்கள் வளர்த்து வந்தது தக்காணி ஆடு. வெட்டிய ரோமத்தைத் துவைப்பதைவிட, ஆட்டையே துவைத்துவிடுவது அவர்கள் வழக்கம்! கத்தரிப்பதற்கு முன் மந்தையை ஏரியில் இறக்கிக் குளிப்பாட்டிவிடுவார்கள். வருஷத்துக்கு இரண்டு முறை கத்தரிப்பு. ஒரு முறைக்கு அரைக்கிலோ கிடைத்தாலே அதிகம். ஆட்டைக் குளிப்பாட்டுவதில் இன்னொரு லாபமும் உண்டு. வெட்டிய ரோமத்தைச் சுடுதண்ணீரில் போட்டுக் கசக்கினால், இழைகளின் மேலுள்ள நுண்செதில்கள் ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டு கட்டியாகிவிடும். பிறகு அதை யாராலும் நூற்க முடியாது.

காய்ந்த ரோமத்தைக் கறுப்பு, பழுப்பு என்று பிரித்து, முள்ளும் விதையும் பொறுக்கி, பஞ்சு கொட்டுவதுபோல வில்லால் அடிப்பார்கள். நூற்பது பெண்கள். பாவுக்குப் புளியங்கொட்டைக் கஞ்சி. குழித்தறியிலிருந்து இறங்கும் முரட்டுக் கம்பளிக்குத் தெலுங்கில் கொங்கடி என்று பெயர். உடம்பைக் குத்தும்; ஆனால் மழையில் தலைக்குமேல் முக்காடாகப் போட்டால் குடை வேண்டாம்.

அந்தக் கம்பளிக்கு எமனாக வந்தது வேறு யாருமல்ல, வரதய்யபாளையம் சாலையில் நிற்கும் இதே ஆடுதான். கறிக்கு விலை ஏற ஏற, தக்காணி மந்தைகளில் நெல்லூர்க் கிடாக்கள் சேர்ந்தன. தெலங்கானா அரசு 2017இல் தொடங்கிய திட்டத்தில், 20 பெட்டையும் ஒரு கிடாவும் 75 சதவிகித மானியத்தில் தந்தார்கள். அவற்றில் பல ஆந்திரத்தில் வாங்கிய முடி ஆடுகள். கலப்பில் பிறந்த குட்டிகளுக்கு எடை கூடியது, ரோமம் குறைந்தது. மேய்ப்பவரைக் குறை சொல்ல முடியாது, கறிதான் அவர் வீட்டு அடுப்பை எரிய வைக்கிறது. மிச்சமிருக்கும் கம்பளி ஆடுகளுக்கு இப்போதும் கத்தரிப்பு நடக்கிறது. வாங்க ஆளில்லாத ஊர்களில், வெட்டிய ரோமத்தை வயலோரத்திலேயே கொட்டிவிட்டு மந்தை நகர்ந்துவிடுகிறது.