லூப்பில் ஏறிய கரகரப்பு

திருப்பத்தூர் மாவட்டம் என்றால் வெளியூர்க்காரர்கள் ஆம்பூர், வாணியம்பாடித் தோல் தொழிலைத்தான் சொல்வார்கள். ஷூ கம்பெனியில் வாரமெல்லாம் உழைத்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் கிடார் வாசிக்கிற பையன்களும் இங்கே உண்டு. அவர்களுக்கு ஒலி அமைத்துத் தருகிற மைக் செட்காரர்களின் வேலையைப் பார்க்கத்தான் திருப்பத்தூரில் ஒரு கடைக்குப் போனேன்.

அப்படி ஒரு பையன் லூப்பர் பெடலோடு வந்திருந்தான். காலால் மிதித்தால் வாசிப்பதைப் பதிந்துகொண்டு திரும்பத் திரும்ப ஒலிக்கிற பெட்டி அது. ஓடுகிற லூப்பின் மேலேயே அடுத்த அடுக்கையும் பதியலாம். 1970-களில் ராபர்ட் ஃபிரிப் இரண்டு டேப் ரெக்கார்டர்களை இணைத்துச் செய்ததை இன்று உள்ளங்கை அகலப் பெட்டி செய்துவிடுகிறது.

"நேரா வாசிச்சா நல்லா கேக்குதுண்ணே, லூப்புல கரகரங்குது. பெடல் போச்சா?"

கடைக்காரர் பெடலைத் திறக்கவில்லை. பழைய லூப்பை ஓடவிட்டு மிக்சரில் ஃபேடரை இறக்கினார். "பாருங்க சார், சத்தம்தான் கொறையுது, கரகரப்பு போவல. உள்ள ஏறும்போதே சேந்துகினு ஏறிட்டுது."

எனக்கு இந்தத் தொழிலின் நுட்பமே இங்கேதான் தெரிந்தது. பதிவாகும் முன்பே அலையின் தலை வெட்டுப்பட்டுவிட்டால், பிறகு எந்தக் குமிழைத் திருகினாலும் அது திரும்பாது. அதனால் அவர் ஸ்பீக்கரிலிருந்து பின்னோக்கிப் போகாமல் கிடாரிலிருந்து முன்னோக்கி வந்தார். கிடாரை நேராக மிக்சரில் செருகினார், சுத்தம். அடுத்து, பெடலுக்கு எங்கிருந்து சிக்னல் போகிறது என்று கேட்டார். பாட்டும் லூப்பில் வரவேண்டும் என்று பையன் மிக்சரின் ஆக்ஸ் அவுட்டிலிருந்து, அதாவது ஒவ்வொரு சேனலின் ஒலியையும் வேண்டிய அளவுக்குத் தனியாக வெளியே அனுப்புகிற வழியிலிருந்து, இழுத்திருந்தான். கோளாறு அங்கேதான். மைக்கில் வருவது சில மில்லிவோல்ட். கிடாரில் பத்தில் ஒரு பங்கு வோல்ட் அளவு. மிக்சரிலிருந்து வெளியேறும் லைன் லெவலோ 1.23 வோல்ட் அளவில் நிற்கும். கிடாருக்கென்று செய்த வாசலில் அவ்வளவு போனால் தாங்காது.

பழைய லூப்பை அழித்தார். ஆக்ஸை முழுக்க மூடி, பையனை வாசிக்கச் சொல்லி, மயிரிழை மயிரிழையாகத் திறந்தார். பெடலின் ஒலி திரும்பி வருகிற சேனலின் ஆக்ஸை மட்டும் தொடவே இல்லை. அதைத் திறந்தால் பெடலின் ஒலி பெடலுக்கே போய் ஊளையிடும். கரகரப்பு போயிற்று.

"இப்ப லூப்பு சன்னமா கேக்குதுண்ணே."

"பெடல்ல இருக்கிற லெவல் குமிழைத் தூக்கு. அது வெளிய வர்றதுக்கு. உள்ள ஏறுறதுக்கு இல்ல."

முதல் அடுக்கை அடக்கமாகப் பதியச் சொன்னார். அதற்கும் கணக்கு உண்டு. ஒரே அளவுள்ள இரண்டு வேறு ஒலிகள் சேர்ந்தால் சுமார் 3 டெசிபல் கூடும். ஒரே ஒலியே அச்சாக இரண்டு முறை விழுந்தால் 6. நாலு அடுக்கு ஏறுவதற்கு இடம் விட்டுத்தான் தொடங்க வேண்டும்.

வாடகைச் சீட்டில் பாக்ஸ், லைட், ஜெனரேட்டர் எல்லாவற்றுக்கும் ஆளுக்கொரு வரி எழுதியிருக்கிறது. இந்தக் காதுக்கு இல்லை. தனிக் கூலி கேட்க வேண்டிய வேலை இது என்று அவரிடமே சொன்னேன். அவர் பையனிடம் ஞாயிற்றுக்கிழமைக்கான ஏற்பாட்டைப் பேசிக்கொண்டிருந்தார்.

"கூட்டம் வர்றதுக்கு முன்னாடியே வந்துடு. பாட்டுல எவ்ளோ ஓங்கி வாசிப்பியோ அப்டியே வாசிச்சுக் காமி. மெதுவா தட்டிக் காமிச்சிட்டு அப்பறம் ஓங்கினா, நான் வெச்ச லெவலு நிக்காது."