தறிச் சத்தம் பதிந்த வட்டு

சின்ன காஞ்சிபுரத்துக்காரர்கள் காலத்தை அத்தி வரதரை வைத்து அளப்பார்கள். வரதராஜப் பெருமாள் கோயில் அனந்தசரஸ் குளத்திலிருந்து நாற்பது ஆண்டுக்கு ஒருமுறை அவர் வெளியே வருவார். 1939, 1979, 2019. இனி 2059-இல்தான். “எழுபத்தொம்பதுல அத்தி வரதர் வந்தப்போ இவன் அக்கா வயித்துல” என்று பேசுகிற ஊர் இது. 1979-இல் சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தொடங்கி நான்கே ஆண்டுகள் ஆகியிருந்தன. எங்கள் தெருவில் டிவி இல்லை. 2019 ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை அவரைச் சேவிக்கக் கூட்டம் கூட்டமாக வந்தவர்கள், ஊரெங்கும் கையில் செல்போனோடு நடந்தார்கள். பெருமாள் நீருக்குள் இருந்த அந்த நாற்பது ஆண்டுக்குள்ளேயே வீடியோ கேசட் வந்து போய்விட்டது. விசிடி வந்து போய்விட்டது. டிவிடியும் வந்து போய்விட்டது.

முதலில் வந்தது டெக்கு. விசிஆர் என்று யாரும் சொன்னதில்லை. டிவியும் டெக்கும் நாலு கேசட்டும் ஒரு ராத்திரி வாடகைக்கு எடுத்து, தெருவே ஒரு வீட்டு நடையில் உட்கார்ந்து விடியவிடியப் படம் பார்க்கும். அடுத்து கல்யாண வீட்டுக்குள் வீடியோ நுழைந்தது. தோளில் கேமரா வைத்தவரும், பக்கத்திலேயே லைட்டைத் தூக்கிப் பிடிக்கிற பையனும். அந்த லைட் முகத்தில் விழுந்தால் சூடு தாங்காது. ஆனாலும் முகம் திருப்பாமல் சிரித்தோம். மூன்று மணி நேரக் கேசட்டில் கல்யாணம் அடங்கி வரும்.

அந்தக் கேசட்டுகளில் ஒரு குறை இருந்ததை வெகு காலம் கழித்தே உணர்ந்தேன். எதிலும் பேச்சுச் சத்தம் இல்லை. எடிட்டிங்கில் அசல் ஒலியை எடுத்துவிட்டு, முதலிலிருந்து கடைசி வரை சினிமாப் பாட்டு ஓடவிடுவது அன்றைய வழக்கம். அத்தை வாய் அசைகிறது, பாட்டி யாரையோ கூப்பிடுகிறாள், நாதஸ்வரக்காரர் கன்னம் உப்ப வாசிக்கிறார். காதில் விழுவதெல்லாம் அந்த வருஷத்து ஹிட் பாட்டுதான். முகங்கள் தங்கின. குரல்கள் போய்விட்டன.

எங்கள் வீட்டில் குரல் தங்கியதற்குக் காரணம் பெரியப்பா. துபாயில் வேலை பார்த்தவர், ஒரு விடுமுறைக்கு ஹேண்டிகேம் கொண்டுவந்தார். உள்ளங்கைக்குள் அடங்கும் மினி டிவி (MiniDV) கேசட், ஒன்றுக்கு ஒரு மணி நேரம். அவருக்குக் கோணம் தெரியாது, எடிட்டிங் தெரியாது. ஓடவிட்டுவிட்டுக் கையில் பிடித்தபடி நடந்தார். வைகாசிக் கருட சேவை அன்று விடியற்காலையில் கோபுர வாசலில் நின்று எடுத்தார். பெருமாள் வெளியே வந்ததும் குடையைச் சாய்த்து ஒரு கணம் அவரை மறைப்பார்கள். சோளிங்கரில் இருந்தபடியே கருட சேவையை நினைத்து உருகிய தொட்டாச்சாரியாருக்கு அந்தக் கணத்தில் பெருமாள் அங்கே காட்சி தந்தார் என்பது நம்பிக்கை. பெரியப்பா எடுத்ததில் குடை பாதிதான் தெரிகிறது. ஆனால் குடை விலகியதும் கூட்டம் எழுப்பிய “வரதா! வரதா!” முழுசாக இருக்கிறது. அதற்குள் பாட்டியின் கம்மிய குரலும் இருக்கிறது.

வீட்டுக்குள்ளும் எடுத்தார். தாத்தா குழித்தறியில் உட்கார்ந்திருக்கிறார். கோர்வைச் சேலை. கரைக்கு நாடா தள்ள அந்தப் பக்கம் சித்தப்பா. கேமரா நெருங்கியதும் தாத்தா நிமிராமலே சொல்கிறார்: “இன்னாடா அது, எதிர்ல வந்து நிக்கிற? வெளிச்சத்த மறைக்காத. இழ தெரியல.” பிறகு தறிச் சத்தம் மட்டும், நெடுநேரம்.

அந்தக் கேசட்டுகளைப் பார்க்க வேண்டுமானால் கேமராவையே டிவியோடு இணைக்க வேண்டும். கேமராவோ பெரியப்பாவோடு துபாய்க்குப் போய்விடும். ஆகவே எல்லாவற்றையும் சிடியில் போட்டுக்கொள்வது என்று முடிவானது. காந்தி ரோட்டிலிருந்து பிரிகிற ஒரு சந்தில், ஜெராக்ஸ் எடுக்கும் கடையின் பின்னறையில் ஓர் அண்ணன் அந்த வேலை செய்தார். நான் கூடவே போய் உட்கார்ந்திருப்பேன்.

அது பொறுமை கேட்கும் வேலை. ஒரு மணி நேரக் கேசட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்ற ஒரு மணி நேரம் ஓடத்தான் வேண்டும். ஏறியதும் அது ஹார்ட் டிஸ்கில் பதின்மூன்று ஜிபி இடம் பிடிக்கும். அதை அப்படியே வட்டில் போட்டால் வீட்டு பிளேயருக்குப் புரியாது. எம்பெக்-2 என்ற வடிவுக்குச் சுருக்கி, பிளேயர் தேடுகிற பெயரிலேயே கோப்புறைகள் அமைத்து, கடைசியில் ‘ஃபைனலைஸ்’ செய்து முடிக்க வேண்டும். அந்தக் கடைசி வேலை நடக்காவிட்டால் எழுதிய இயந்திரம் மட்டும் படிக்கும், வீட்டு பிளேயர் ‘நோ டிஸ்க்’ என்று தட்டை வெளியே தள்ளிவிடும். விசிடி என்றால் எழுபது எண்பது நிமிடம்தான், படமும் மங்கல். 4.7 ஜிபி டிவிடியில் ஒரு மணி நேரம் பளிச்சென்று இருக்கும். இரண்டு மணி நேரமும் மோசமில்லை. அதற்கு மேல் திணித்தால் ஜரிகை அசையும் இடமெல்லாம் கட்டம் கட்டமாக உடையும். எழுதுகிற வேகத்தை அண்ணன் எப்போதும் குறைத்தே வைப்பார். மெதுவாக எழுதினால்தான் பழைய பிளேயரிலும் சிக்காமல் ஓடும் என்பார். நடுவில் கரண்டு போனால் அந்த வட்டு வீண். அமெரிக்காவில் இருந்த அத்தை மகளுக்குத் தனியாக என்டிஎஸ்சி முறையில் ஒன்று. நம் ஊர் பால் (PAL) முறை வட்டை அங்கத்திய பிளேயர்கள் பலவும் ஏற்காது.

வட்டில் என்னதான் எழுதுகிறது என்று கேட்டேன். லேசர் ஒளி சாயப் பூச்சில் சுட்ட இடம், சுடாத இடம், அவ்வளவுதான் என்றார். எனக்கு உடனே விளங்கிவிட்டது. எங்கள் தறிக்கு மேலே தொங்கும் ஜக்காடு அட்டையும் அப்படித்தானே? ஓட்டை இருக்கும் இடம், இல்லாத இடம். அதிலிருந்துதான் மயிலும் அன்னமும் மாங்காயும் சேலையில் இறங்குகின்றன.

தறிக் காட்சி வந்தபோது அண்ணன் கையை நிறுத்தினார். “ஒரே எரைச்சலா இருக்குதுங்க. பாட்டு போட்டுடலாமா?” பெரியப்பா யோசிக்கவேயில்லை. “வாணாம்பா. இருக்கறபடியே இருக்கட்டும்.” அந்த ஒரு சொல்லுக்காக அவருக்கு நான் வாழ்நாள் முழுக்கக் கடன்பட்டிருக்கிறேன்.

அரசு 2006 முதல் 14 அங்குல வண்ணத் தொலைக்காட்சிகளை இலவசமாகக் கொடுத்த காலம் அது. வீட்டுக்கு வீடு டிவி வந்ததும் கூடவே ஒரு சின்ன டிவிடி பிளேயரும் வந்தது. சிவப்பு, மஞ்சள், வெள்ளை ஒயர்களைக் குத்தும் இடம் பிள்ளைகளுக்கு அத்துப்படி. மோசர் பேயர் நிறுவனம் 28 ரூபாய்க்கு விசிடியும் 34 ரூபாய்க்கு டிவிடியும் விற்றதில் சினிமா வட்டுகள் பெட்டிக்கடை வரை வந்துவிட்டன. அவற்றோடு கலந்து, மார்க்கரில் ‘கருட சேவை – வீடு’ என்று எழுதிய எங்கள் வட்டும் வீடு வீடாகப் போனது. அமாவாசைக்குத் தறி ஓடாது. அன்று எல்லோரும் வருவார்கள். வட்டை வேட்டி நுனியால் நடுவிலிருந்து வெளிப்பக்கமாகத் துடைத்துத் தட்டில் வைப்பது தாத்தாவின் வேலை. திரையில் தன் தறிச் சத்தம் கேட்கும்போது அவர் கால் தரையில் தானாக மிதிக்கும். படம் அவர் பார்த்ததாகத் தெரியவில்லை. சத்தத்தில் எங்கே இழை அறுந்தது என்று மட்டும் சொல்வார்.

எல்லாம் சீக்கிரமே முடிந்தது. உலகில் கடைசியாக விசிஆர் செய்துகொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையில் நிறுத்திக்கொண்டது. மோசர் பேயர் 2018-இல் கலைப்புக்குப் போனது. புதிதாக வாங்கும் மடிக்கணினியில் வட்டு போடும் தட்டே இல்லை. தாத்தாவும் பெரியப்பாவும் இல்லை. எங்கள் வீட்டுக் குழியை மூடித் தரை போட்டாயிற்று. தெருவில் இன்னும் தறி ஓடும் வீடுகள் உண்டு. ஆனால் ஒரு வாசலைக் கடக்குமுன் அடுத்த வாசலின் சத்தம் வந்து சேர்ந்த அந்த நெருக்கம் போய்விட்டது. இன்று என் போனில் ஆயிரக்கணக்கான படங்கள் இருக்கின்றன. அவற்றைப் பார்க்க யாரும் யார் வீட்டுக்கும் போவதில்லை.

சுட்ட வட்டு நிரந்தரம் இல்லை. அதிலிருக்கும் சாயம் வெயிலுக்கும் புழுக்கத்துக்கும் மெல்ல வெளுக்கும். ஆகவே உங்கள் பீரோவில் அப்படி ஏதும் இருந்தால் இந்த வாரமே எடுங்கள். யூஎஸ்பியில் மாட்டும் டிவிடி டிரைவ் இன்னும் கிடைக்கிறது. கோப்புகளை அப்படியே நகல் எடுங்கள். இரைச்சல் என்று எதையும் நீக்க வேண்டாம், மேலே பாட்டு ஏற்ற வேண்டாம். முக்கியமாக, அது யார் குரல் என்று தெரிந்த ஒருவர் இருக்கும்போதே அவர் பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக்கொள்ளுங்கள். நான் ஒரு நோட்டுப் போட்டிருக்கிறேன். எந்த நிமிடத்தில் பேசுவது தாத்தா, எதில் பாட்டி, தறிக்கு அந்தப் பக்கம் செருமுவது யார் என்று அதில் இருக்கிறது. சித்தப்பா சொல்லச் சொல்ல எழுதியது. இன்னும் பெயர் தெரியாத குரல்கள் சில மிச்சம் இருக்கின்றன. அவற்றைக் கேட்டுச் சொல்லக்கூடியவர்கள் இந்தத் தெருவிலேயே இருக்கிறார்கள். ஒவ்வொரு வீடாகப் போய்க்கொண்டிருக்கிறேன்.