செவ்வாய்ப் பொங்கலுக்கு மறுநாள்

செட்டிநாட்டு வீடுகள் காப்பி வீடுகள். நாட்டரசன்கோட்டையும் அதற்கு விலக்கல்ல. விடிவதற்குள் இரண்டாங்கட்டில் டிகாக்‌ஷன் இறங்கிவிடும். தேயிலை, அக்கரை போய் வந்த ஆண்களோடு வந்த பழக்கம். எங்கள் ஐயா கொண்டுவிக்கப் போனது இலங்கைக்கு, பதுளைப் பக்கம். பெட்டியடிப் பையனாகப் போய், அடுத்தாளாகி, பிறகு சொந்தமாக ஒரு கடை. ஊருக்குத் திரும்பியபோது பணம் எவ்வளவு வந்தது என்று வீட்டில் யாரும் சொன்னதில்லை. பால் விடாத தேயிலைச் சாயம் கூடவே வந்தது. அதை அப்பத்தா கடைசி வரைக்கும் கஷாயம் என்றேதான் சொன்னார்கள்.

இப்போது அந்த வீட்டில் நாங்கள் தேயிலை குடித்துப் பார்ப்பது வருஷத்தில் ஒரே ஒரு காலையில். தைப்பொங்கலுக்கு அடுத்து வரும் முதல் செவ்வாய்க்கிழமை கண்ணாத்தா கோயில் முன்னால் ஊர் நகரத்தார் எல்லாரும் சேர்ந்து பொங்கல் வைப்பார்கள். கண்ணுடைய நாயகி என்பது கோயில் பலகையில் இருக்கும் பெயர், எங்களுக்குக் கண்ணாத்தா. எந்த நாட்டில் இருந்தாலும் அன்றைக்கு வரப் பார்ப்பார்கள். வருகிறவர்கள் முன்பு இனிப்பு வாங்கி வந்தார்கள். பாதிப் பேருக்குச் சர்க்கரை வந்த பிறகு தேயிலை வாங்கி வருகிறார்கள். மறுநாள் காலையில் வளவில் பாயை விரித்து, எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுப் பார்ப்பது எப்படியோ வழக்கமாகிவிட்டது.

கோலாலம்பூர் மச்சான் கொண்டு வருவது கேமரன் மலையின் போ தேயிலை. 1929இல் தொடங்கிய தோட்டம். அந்தக் காட்டை வெட்டித் திருத்தியதிலும் தமிழ்க் கைகள் உண்டு. நிறம் நன்றாக இறங்கும், வாசம் சுமார். குன்னூரில் வேலை பார்க்கும் சித்தப்பா மகன் டான்டீ பாக்கெட் கொண்டு வருவான். எனக்கு அந்தப் பாக்கெட்டைப் பார்த்தால் குடிப்பதற்கு முன்னால் கணக்குதான் நினைவுக்கு வரும். 1964 அக்டோபரில் சிறிமாவோவும் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டார்கள்: இலங்கையிலிருந்த இந்திய வம்சாவளித் தமிழரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்வது என்று. அப்படித் திருப்பி அனுப்பப்பட்டவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் தமிழக அரசு 1968இல் நீலகிரியில் தேயிலை நட்டது. ஐயாவின் கடையில் பற்று வைத்து அரிசி வாங்கிய குடும்பத்தின் பேத்தி பறித்த கொழுந்தாகவும் அது இருக்கலாம். குடித்தால் லேசாக, பூவாசத்தோடு இருக்கும். அதற்கு நான் கொடுக்கும் மதிப்பெண்ணில் நாக்கின் பங்கு எவ்வளவு என்று சொல்ல மாட்டேன்.

லண்டனிலிருந்து வருவது ஏர்ல் கிரே. இத்தாலியின் தென்முனையில் விளையும் பெர்கமோட் என்ற நாரத்தைச் சாதியின் தோலெண்ணெயைத் தேயிலையில் ஏற்றிச் செய்வது. "தலைக்குத் தேய்க்கிறதைக் குடிக்கச் சொல்றியா?" என்று பெரிய ஆச்சி கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டார்கள். நானும் ஆச்சி கட்சி. தேயிலைக்குச் சொந்த வாசம் இல்லாதபோதுதான் மேலே பூசத் தோன்றும்.

லண்டன் மாப்பிள்ளை எதையும் ஒழுங்காகச் செய்கிறவர். தேயிலையைச் சோதிக்க ஐஎஸ்ஓ 3103 என்று ஒரு தரவிதியே இருக்கிறதாம், 1980இல் வந்தது. நூறு மில்லிக்கு 2 கிராம் தூள், கொதிக்கும் தண்ணீர், ஆறு நிமிஷம். நகை நிறுக்கும் சின்னத் தராசையும் எடுத்து வந்திருந்தார். ஐயாவுக்குத் தராசு கிடையாது. மூன்று விரலால் எடுப்பார்கள், அவ்வளவுதான். உள்ளே வெள்ளையாக இருக்கும் மங்குக் கோப்பையில் சாயத்தை ஊற்றி, விளிம்பில் நிறம் எப்படி நிற்கிறது என்று வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பார்ப்பார்கள். பிறகு சர்ரென்று உறிஞ்சும் சத்தம் முகப்பு வரை கேட்கும். "என்ன சத்தம் அது, பேரன் பாத்துக்கிட்டு இருக்கான்ல" என்பார்கள் அப்பத்தா. தொழிலாகத் தேயிலை ருசி பார்க்கிறவர்கள் எல்லாரும் அப்படித்தான் உறிஞ்சுகிறார்கள், காற்றோடு போனால்தான் வாசம் மூக்குக்கு ஏறும் என்பது எனக்குப் பிற்பாடு தெரிந்தது. சர்க்கரை போட மாட்டார்கள். இலங்கையில் கித்துள் கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு குடித்தவர்கள், இங்கே பனங்கருப்பட்டி. எனக்கும் ஒரு துண்டு கிடைக்கும்.

ஆடி, ஆவணியில் செய்த ஊவாத் தூள் என்றால் ஐயாவுக்கு முகமே மாறிவிடும். அந்த மாதங்களில் தென்மேற்கு மழையெல்லாம் மலையின் மறுபக்கத்திலேயே கொட்டித் தீர்ந்து, பதுளைப் பக்கம் வறண்ட கச்சான் காற்று மட்டும் இறங்கும். கொழுந்து வாடி, வளர மறுத்து, வாசத்தை உள்ளே சேர்த்துக்கொள்ளும். அந்த வாசத்தின் முக்கியமான கூறு மெதில் சாலிசிலேட். வலிக்குத் தேய்க்கும் தைலங்களில் இருக்கும் அதே சரக்கு. "தைல வாடை அடிக்குது" என்று அப்பத்தா மூக்கைச் சுளித்தது எவ்வளவு சரியான தீர்ப்பு! ஐயா உயர்வாகச் சொன்னதும் அப்பத்தா குறையாகச் சொன்னதும் ஒன்றையேதான்.

தூள் தகர டின்னில் வந்தது. முன்பு ஒருமுறை ஒரு முழுத் தேயிலைப் பெட்டியே வந்திருந்தது. மெல்லிய பலகை, உள்ளே ஈயக்காகிதம். தூள் தீர்ந்த பிறகு அதில் முறுக்கு, சீடை போட்டு வைத்தார்கள். எத்தனை வருஷம் கழித்துத் திறந்தாலும் சீடையில் ஒரு துவர்ப்பு வாசம் இருக்கும். 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடியும் ரயில்பாதையும் போன பிறகு, ஐயாவுக்கு டின் கொண்டுவந்து கொடுத்தவர்களின் வரத்தும் குறைந்து, நின்றது. கொஞ்ச நாள் கடைத் தூளைக் குடித்துப் பார்த்து, "இது தூசி" என்று விட்டுவிட்டார்கள்.

அதற்கப்புறம்தான் பூ, வேர் எல்லாம் வந்தன. பொங்கலுக்கு வீட்டு இறவாணத்தில் வேப்பிலையோடு சேர்த்துக் காப்புக் கட்டுகிறோமே ஆவாரம்பூ, பூளைப்பூ, அந்த இரண்டையும் இலங்கைக்காரர்கள் காயவைத்துத் தண்ணீரில் போட்டுக் குடிக்கிறார்கள். சிங்களவர் ரணவரா என்பது நம் ஆவாரை, பொல்பலா என்பது நம் பூளை, இரமுசு நன்னாரி, பெலிமல் வில்வப்பூ. ஐயா இதெல்லாம் அங்கே குடித்துப் பழகியவர்கள். சிவகங்கைச் சாலையோரத்து ஆவாரையைப் பறித்து வரச் சொல்லி, நிழலில் உலர்த்தி, ஊறவைத்துக் கருப்பட்டியோடு குடிப்பார்கள். "ஆடு கூடத் திங்காததை" என்று ஊர் சிரித்தது. இன்று அதே பூ கண்ணாடிப் புட்டியில், ஆங்கில எழுத்து ஒட்டி, காரைக்குடிக் கடையில் ஏலக்காய் விலைக்கு விற்கிறது. மருமகள் வாங்கி வந்திருந்தாள். மஞ்சள் நிறம் அழகாக இறங்கியது, ருசி மட்டும் வெந்நீருக்குப் பக்கத்தில் நின்றது. சுக்குமல்லி எப்போதும் போல எல்லாவற்றையும் ஜெயித்தது. அது போட்டியில் சேராது என்று மாப்பிள்ளை சொல்லிவிட்டார்.

கொழும்பு வழியாக இந்த வருஷம் ஓர் ஊவாத் தூள் வந்திருந்தது. ஆகஸ்டுத் தூள் என்று டின்னிலேயே போட்டிருந்தது. எல்லாரையும்விட நான்தான் காத்திருந்தேன். சாயம் மந்தமாக, பழுப்பாக இறங்கியது. மேலே ஒரு படலம் வேறு கட்டியது. தூளைக் குறை சொல்லத் தொடங்கினார்கள். மாப்பிள்ளை மட்டும், "இது எந்தத் தண்ணி?" என்று கேட்டார். ஆழ்குழாய்த் தண்ணீர். அதிலிருக்கும் சுண்ணாம்பு தேயிலையின் துவர்ப்போடு சேர்ந்து படலம் கட்டுகிறது. எலுமிச்சை பிழிந்தால் கலையும், ஆனால் தேயிலையும் எலுமிச்சை ஆகிவிடும். கேன் தண்ணீரில் மறுபடி போட்டோம். நிறம் தெளிந்தது, தைல வாசமும் எட்டிப் பார்த்தது. ஆனாலும் என் நாக்கில் இருந்த அது இல்லை.

ஐயா குடித்தது மழைத்தண்ணீர். முதல் மழையில் ஓடு கழுவிப் போகட்டும் என்று விட்டுவிட்டு, அடுத்த மழையில் முற்றத்துத் தகரவாரி வழியாக விழுவதைப் பித்தளை அண்டாக்களில் பிடிப்பார்கள். வெள்ளைத்துணி கட்டி, வெளிச்சம் படாத உள்ளறையில் வரிசையாக நிற்கும். அது சமையலுக்கும் குடிக்கவும். தீர்ந்தால் ஊருணித் தண்ணீர். தேற்றாங்கொட்டையைக் குடத்தின் உட்புறம் தேய்த்து ஊற்றினால் கலங்கல் அடியில் இறங்கிவிடும். ஊருணித் தண்ணீரில் போட்ட தேயிலையை ஐயா ஒரு வாயிலேயே கண்டுபிடித்து, "மழைத்தண்ணி முடிஞ்சுபோச்சா?" என்று கேட்பார்கள். பெட்டகசாலையில் அந்த மங்குக் கோப்பை இன்னும் இருக்கிறது; தூளும் பணம் கொடுத்தால் கொழும்பிலிருந்து வருகிறது. அண்டாக்கள் மட்டும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்கு எடைக்குப் போய், இப்போது ஏதோ ஹோட்டல் வரவேற்பறையில் செடி வைத்து நிற்கின்றன. தகரவாரி துருப்பிடித்து ஓட்டையாகி, முற்றத்துத் தூணோரம் சாய்ந்து கிடக்கிறது.

"வாரியை மாத்திட்டா அடுத்த தைக்கு மழைத்தண்ணியிலயே போட்டுப் பாக்கலாமே" என்றேன். மழை ஐப்பசி, கார்த்திகையில். நாங்கள் வருவது தையில். நடுவில் வீடு பூட்டிக் கிடக்கும். வீட்டைப் பார்த்துக்கொள்கிறவரைக் கூப்பிட்டுக் கேட்டோம்.

"நான் பிடிச்சு, துணி கட்டி வச்சிர்றேன், அண்ணே. தகரத்துக்குக் காசு யாரு குடுப்பாக?"

வளவுக்குப் பங்காளிகள் பதினொரு புள்ளி. பேச்சு அதோடு நின்றது. கோலாலம்பூர் மச்சான் விமானத்துக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்துகொண்டான்.