முதுமலைக்கு எந்த விமான நிலையம் வசதி? கிலோமீட்டரை விடுங்க, கடிகாரத்தைப் பாருங்க!

மேப்பில் பார்த்தால் முதுமலை எல்லா ஊருக்கும் பக்கம்தான். தமிழ்நாடு, கர்நாடகா, கேரளா என மூன்று மாநிலங்களும் தொட்டுக்கொள்ளும் இடத்தில் இருக்கிறது இந்தக் காடு. அந்தப் பக்கம் பந்திப்பூர், இந்தப் பக்கம் வயநாடு. கோவை, மைசூரு, பெங்களூரு, கோழிக்கோடு என நான்கு விமான நிலையங்களில் எதில் இறங்கினாலும் அதே நாளில் போய்ச் சேரலாம்.

விடுமுறைக்குத் திட்டம் போடும் குடும்பங்கள் குழம்புவதும் இங்கேதான். டிக்கெட் எங்கே மலிவு, தூரம் எங்கே குறைவு என்ற இரண்டை மட்டும் பார்த்து முடிவெடுக்கிறார்கள். ஆனால் காட்டுச் சாலைக்கு மூன்றாவதாக ஒரு கணக்கு உண்டு. அது நேரக் கணக்கு.

இரவு 9 மணிக்குக் கதவு மூடும்

குண்டல்பேட்டையில் இருந்து பந்திப்பூர் வழியாக முதுமலைக்கு வரும் சாலை, இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை மூடப்படும். கர்நாடகப் பகுதியில் 2009 முதல் இந்தத் தடை இருக்கிறது. அவசர வாகனங்களுக்கும் குறிப்பிட்ட சில அரசுப் பேருந்துகளுக்கும் மட்டும்தான் விலக்கு. கூடலூர் பக்கம் இருந்து வந்தாலும் தொரப்பள்ளி சோதனைச் சாவடியில் இதே கட்டுப்பாடுதான். இரவில் அடிபட்டுச் செத்த மான்களும் யானைகளும் சிறுத்தைகளும்தான் இந்தத் தடைக்குக் காரணம்.

ரிசார்ட்டுக்குப் பணம் கட்டியிருக்கிறோம், குழந்தை தூங்கிவிட்டது என்று சொல்லிப் பயனில்லை. 9 மணி தாண்டினால் குண்டல்பேட்டையிலோ கூடலூரிலோ அறை தேட வேண்டியதுதான். அதனால் விமான டிக்கெட் போடும் முன்பு இரவு 9 மணியில் இருந்து பின்னோக்கி எண்ணிப் பார்ப்பது நல்லது.

கோவை: பழகிய ஊர், சுற்று வழி

தமிழ்நாட்டுக் குடும்பங்களின் மனதில் முதலில் வருவது கோவைதான். விமானங்கள் அதிகம், டாக்ஸி எளிதாகக் கிடைக்கும், மொழிப் பிரச்னை இல்லை. மேட்டுப்பாளையம், குன்னூர், ஊட்டி, கூடலூர் வழியாகத் தெப்பக்காட்டுக்குச் சுமார் 160 கிலோமீட்டர். சாப்பாடு, ஓய்வு எல்லாம் சேர்த்து 5 முதல் 6 மணி நேரம் ஆகும்.

இந்த வழியில் கவனிக்க வேண்டியது உயரம். மேட்டுப்பாளையம் மலையடிவாரம். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். முதுமலையோ ஏறக்குறைய 1,000 மீட்டர்தான். அதாவது, ஒரு முழு மலையை ஏறி, மறுபக்கம் பாதிக்கு மேல் இறங்கினால்தான் காடு. வளைவுகளில் வாந்தி எடுக்கும் குழந்தைகளுக்கும், முழங்கால் வலியோடு உட்கார்ந்து வரும் பெரியவர்களுக்கும் இது லேசான பயணம் இல்லை. ஊட்டியில் ஒரு நாள் தங்கிப் போவதாக இருந்தால் கோவைதான் சரியான தேர்வு. காடு மட்டும்தான் நோக்கம் என்றால் யோசிக்கலாம்.

கல்லட்டி: குறுக்கு வழி ஆசை வேண்டாம்

ஊட்டியில் இருந்து கூகுள் மேப் இன்னொரு வழியையும் காட்டும். கல்லட்டி மலைப்பாதை. 36 கொண்டை ஊசி வளைவுகள். சுமார் 30 கிலோமீட்டரில் மசினகுடி வந்துவிடும். கூடலூர் வழியில் இதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் தூரம். யாருக்குத்தான் ஆசை வராது?

ஆனால் இறக்கம் மிகவும் செங்குத்து. பிரேக்கைத் தொடர்ந்து மிதித்தபடியே இறங்கினால் அது சூடாகிப் பிடிக்காமல் போகும். பழக்கமில்லாத ஓட்டுநர்கள் தொடர்ந்து விபத்தில் சிக்கியதால், வெளியூர் வாகனங்கள் இந்தப் பாதையில் இறங்கத் தடை விதிக்கப்பட்டது. டி.என். 43 என்ற நீலகிரிப் பதிவு எண் வண்டிகளுக்கு மட்டும்தான் இறங்க அனுமதி. மசினகுடியில் இருந்து ஊட்டிக்கு ஏறுவதில் இந்தச் சிக்கல் இல்லை. மலையில் எங்கே இறங்கினாலும் பழைய ஓட்டுநர்கள் சொல்லும் பாடம் ஒன்றுதான்: ஏறும்போது எந்த கியரோ, இறங்கும்போதும் அதே கியர்.

மைசூரு: சின்ன நிலையம், சுலபமான சாலை

காட்டுக்கு மிக அருகில் இருப்பது மைசூரு விமான நிலையம். நகரத்துக்குத் தெற்கே, நஞ்சன்கூடு சாலையில் மண்டகள்ளியில் இருக்கிறது. இறங்கியதும் ஊருக்குள் போகாமல் அப்படியே காட்டுப் பக்கம் வண்டியைத் திருப்பலாம். நஞ்சன்கூடு, குண்டல்பேட்டை, பந்திப்பூர், தெப்பக்காடு. சுமார் 85 கிலோமீட்டர், இரண்டரை மணி நேரம்.

மைசூரு சுமார் 770 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. முதுமலையோடு ஒப்பிட்டால் பெரிய வித்தியாசம் இல்லை என்பதால் கொண்டை ஊசித் தொல்லையே கிடையாது. தாத்தா, பாட்டி, கைக்குழந்தையோடு வரும் குடும்பத்துக்கு இதைவிட நல்ல வழி இல்லை. பந்திப்பூர் காட்டுக்குள்ளேயே சாலை போவதால், ஜன்னல் வழியாக மான் கூட்டத்தையும், அதிர்ஷ்டம் இருந்தால் யானையையும் பார்த்துக்கொண்டே வரலாம்.

குறை ஒன்றுதான். விமானங்கள் மிகக் குறைவு, அட்டவணையும் மாறிக்கொண்டே இருக்கும். டிக்கெட் உறுதியான பிறகுதான் அறைக்குப் பணம் கட்ட வேண்டும்.

பெங்களூரு: மலிவு டிக்கெட், நீளமான நாள்

எந்த ஊரில் இருந்தும், எந்த நேரத்திலும் விமானம் உண்டு. ஆனால் நிலையம் இருப்பது தேவனஹள்ளியில், நகரத்துக்கு வடக்கே. காடு இருப்பதோ தென்மேற்கில். முழு பெங்களூருவையும் கடந்த பிறகுதான் மைசூரு விரைவுச்சாலையே வரும். 2023-ல் திறந்த இந்த விரைவுச்சாலையால் மைசூரு வரையிலான நேரம் நன்றாகக் குறைந்துவிட்டது. நகர நெரிசல் மட்டும் குறையவில்லை. தெப்பக்காடு வரை சுமார் 270 கிலோமீட்டர், 6 முதல் 7 மணி நேரம்.

பகல் 12 மணிக்குள் தரையிறங்கினால் தப்பிக்கலாம். மாலை விமானம் என்றால் அன்று மைசூருவில் தங்கிவிட்டு, காலையில் காட்டுக்குப் போவதே புத்திசாலித்தனம். டிக்கெட்டில் மிச்சம் பிடித்தது டாக்ஸி வாடகையில் போய்விடாதா என்றும் கூட்டிப் பார்க்க வேண்டும். கர்நாடக டாக்ஸி தமிழ்நாட்டுக்குள் வருவதற்கான பர்மிட் கட்டணம் வாடகையில் சேர்ந்ததா என்பதை முன்பே கேட்டுக்கொள்வது நல்லது.

கோழிக்கோடு: வளைகுடாவில் இருந்து வருபவர்களுக்கு

துபாய், தோஹாவில் இருந்து விடுமுறைக்கு வருபவர்களுக்குக் கோழிக்கோட்டின் கரிப்பூர் நிலையம் வசதி. மஞ்சேரி, நிலம்பூர், வழிக்கடவு, நாடுகாணி மலைப்பாதை, கூடலூர் வழியாக ஏறக்குறைய 115 கிலோமீட்டர், 4 மணி நேரம். நிலம்பூர் தேக்குக் காடுகளைப் பார்த்தபடி வரும் அழகான வழி. தென்மேற்குப் பருவமழை கொட்டும் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை நாடுகாணியில் மண்சரிவு வரலாம் என்பதால், கிளம்பும் முன் விசாரிப்பது அவசியம்.

இ-பாஸ் மறக்க வேண்டாம்

முதுமலை இருப்பது நீலகிரி மாவட்டத்தில். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கு வரும் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயம்.  2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை, வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வாகனங்கள் என உச்சவரம்பும் வைத்தார்கள். எனவே கோடையில் வருபவர்கள் கடைசி நாள் வரை காத்திருக்கக் கூடாது. டாக்ஸியில் வருபவர்கள் வண்டி எண்ணை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளலாம். சாவடியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களையும் வாங்கி வைத்துக்கொள்வார்கள். வீட்டில் இருந்தே ஸ்டீல் பாட்டில் கொண்டு வருவது நல்லது.

திரும்பும் நாளின் கணக்கு

போகும்போது கவனமாக இருப்பவர்கள்கூட திரும்பும்போது கோட்டை விடுவார்கள். சாலை திறப்பது காலை 6 மணிக்கு. அந்த நிமிடமே கிளம்பினாலும் மைசூரு விமான நிலையம் சேர 9 மணி நெருங்கிவிடும். பெங்களூரு என்றால் மதியம் 1 மணி. எனவே பெங்களூருவில் இருந்து மாலை 4 மணிக்குப் பிந்தைய விமானம்தான் பாதுகாப்பு.

நேரம் இருப்பவர்களுக்கு இன்னொரு யோசனை. மைசூருவில் இறங்கிக் காட்டைப் பார்த்துவிட்டு, கல்லட்டி வழியாக ஊட்டிக்கு ஏறி, கோவையில் விமானம் ஏறலாம். ஒரே சாலையை இரண்டு முறை பார்க்க வேண்டியதில்லை. ஊட்டியில் இருந்து இறங்கும்போது மட்டும், கோடை சீசனில் குன்னூர் பாதை ஏறுவதற்கும் கோத்தகிரி பாதை இறங்குவதற்கும் என்று ஒருவழியாக்கப்படும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

காட்டுச் சாலையில் வண்டியை நிறுத்தக் கூடாது, இறங்கக் கூடாது, ஹாரன் அடிக்கக் கூடாது. இதையெல்லாம் பொறுமையாகச் செய்ய வேண்டும் என்றால் கையில் நேரம் மிச்சம் இருக்க வேண்டும். கதவு மூடுவதற்குள் சேர வேண்டுமே என்று பறக்கும் வண்டிதான் வளைவில் நிற்கும் யானையைக் கடைசி நொடியில் பார்க்கிறது. இரண்டு மணி நேரம் முன்னதாகத் தரையிறங்கும் விமானத்துக்குக் கூடுதலாக ஆயிரம் ரூபாய் போனாலும், அது வண்டியில் இருப்பவர்களுக்கும் சாலையைக் கடப்பவற்றுக்கும் சேர்த்து வாங்கும் பாதுகாப்பு.