பேய் நாயும் பையனும்

ஐம்பது வயசில் பையனிடம் போக்கிமான் சண்டை கற்றுக்கொண்டேன். (சிரிக்காதீர்கள்!) ஆளுக்கு ஆறு ஜந்துக்கள். எனக்கு வாய்த்தது ஹவுண்ட்ஸ்டோன் என்கிற பேய் நாய். அதன் 'லாஸ்ட் ரெஸ்பெக்ட்ஸ்' அடிக்குப் பலம் 50. நம் பக்கம் ஒன்று செத்தால் 100, ஐந்தும் செத்தால் 300! தோற்கத் தோற்கப் பலம். என் மாதிரி மக்குக்கு வேறென்ன வேண்டும்?

பத்து நாளில் பயல் விளையாடவே வருவதில்லை. "போப்பா, போர்!" எதிரே ஆளில்லாமல் யாரை ஜெயிப்பது?

ரசிகர்களே விதி போடும் ஸ்மோகனில் முதலில் நாயையே தள்ளி வைத்தார்கள். பிறகு நாயை விட்டுவிட்டு அந்த அடிக்கு மட்டும் தடை. "நாய் என்னப்பா பண்ணும், பாவம்!" என்றான். அதே விதிக்கு ஒப்புக்கொண்டேன்.

நேற்று நாயை இறக்கினேன். ஒரே அடியில் காலி. "இன்னொரு ஆட்டம்ப்பா!" என்றான்.