சாய்கோட்டை அழித்தவன்

செயலி வடிவமைப்புதான் எனக்குப் பிழைப்பு. பயிற்சிக்கு வரும் பிள்ளைகளிடம் சொல்வேன்: திரையில் தெரிகிற பொத்தான், எழுத்து, நிறம் எல்லாம் இடைமுகம், அதாவது யூஐ. அதை வைத்துக்கொண்டு ஒருவர் தன் காரியத்தை முடிக்கப் படும் பாடு மொத்தமும் பயனர் அனுபவம், யூஎக்ஸ். டான் நார்மன் 1988-இல் எழுதிய புத்தகத்தைக் காட்டி, ஆள் தடுமாறினால் குறை வடிவமைப்பில்தான், ஆளிடம் இல்லை என்று முழங்குவேன். முழங்கிவிட்டு நான் செய்த காரியம் இது.

ஒரு நிறுவனத்தின் மின்பணப்பைச் செயலிக்குப் பதிவுப் படிவம் போட்டுக் கொடுத்தேன். முதல் பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டம். எழுத்தைத் தவிர வேறு குறி ஏறாது. வெளிநாட்டில் யாரோ செய்து வைத்த மாதிரியை அப்படியே இறக்கினேன். மலேசியாவில் அது யாருக்குப் பொருந்தும்? சீனருக்குக் குடும்பப் பெயர் முன்னால் வரும். மலாய்க்காரருக்கு 'பின்', 'பிந்தி' போட்டுத் தகப்பன் பெயர். குடும்பப் பெயர் என்ற பேச்சே இல்லை. நமக்கோ மைகார்டில், அதாவது ஐசி என்கிற அடையாள அட்டையில், மகனுக்கு ஏ/எல், மகளுக்கு ஏ/பி, நடுவே ஒரு சாய்கோடு. கிள்ளானில் பிறந்து, பன்னிரண்டு வயதில் ஐசி எடுத்த நாளிலிருந்து அந்தக் கோட்டைச் சுமக்கிற எனக்கு இது தெரியாதா? தெரியும். விமான டிக்கெட் போடும்போதெல்லாம் அதை அழித்துப் பழகியவன், மற்றவர்களும் அழித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். அறியாமை என்று சொல்லித் தப்ப வழியில்லை.

சோதனைக்காக, பிரிக்பீல்ட்ஸில் பூக்கடை வைத்திருக்கும் ஓர் அக்காவிடம் போனைக் கொடுத்தேன். ஐசியில் உள்ளபடி தட்டினார். 'நாமா தீடாக் சா' என்று சிவப்பில் வந்தது. பெயர் செல்லாதாம், ஏன் செல்லாது என்று ஒரு வார்த்தை இல்லை. ஈரக் கையைத் துண்டில் துடைத்து, ஐசியைப் போனுக்குப் பக்கத்தில் வைத்து, எழுத்தெழுத்தாக ஒத்துப் பார்த்தார். மறுபடி தட்டினார். மறுபடியும் சிவப்பு. "ஸ்பெல்லிங் தப்பா போட்டுட்டேன் போல, தம்பி" என்றார். குறையைத் தன் மேலேயே போட்டுக்கொண்டார். நானோ, "அந்தக் கோட்ட எடுத்துருங்கக்கா" என்றேன். எடுத்தார். அடுத்த பக்கத்தில் ஐசியைப் படம் பிடித்ததும், பெயர் ஒத்துப்போகவில்லை என்று செயலி அவரைத் திருப்பி அனுப்பியது.

அறிக்கையில் 'பயனருக்கு வழிகாட்டல் தேவை' என்று எழுதினேன். கட்டத்துக்குக் கீழே பொடி எழுத்தில், சிறப்புக் குறிகளைத் தவிர்க்கவும் என்று ஒரு வரி சேர்த்தேன். செய்ய வேண்டியது பெரிய வித்தை இல்லை: 'ஐசியில் உள்ளபடி முழுப் பெயர்' என்று ஒரே கட்டம், கோட்டுக்கும் அனுமதி. பிரிட்டிஷ் அரசின் வடிவமைப்பு வழிகாட்டிகூட ஒற்றைக் கட்டத்தைத்தான் சொல்கிறது. ஆனால் வெளியீட்டுத் தேதி நெருங்கிவிட்டது. மேலாளரிடம் போய் என் வேலையை நானே குறை சொல்ல வேண்டும். வாயை மூடிக்கொண்டேன்.

உங்கள் பெயரை ஒரு செயலி ஏற்காவிட்டால், கோட்டை அழிப்பதோடு நிறுத்தாதீர்கள். அந்தச் சிவப்பு எழுத்தைப் படம் பிடித்து நிறுவனத்துக்கு அனுப்புங்கள். ஒரு புகார் வந்தால் என்னைப் போன்றவர்கள் ஒதுக்கி வைப்போம். நூறு வந்தால் ஒதுக்க முடியாது.